ஹார்வி மில்லும் அப்பாவின் நூல்பெட்டியும்

அப்பா நூல் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடைக்காரர் கோனை எடுத்து மேஜைமேல் வைத்ததும் விலையைக் கேட்க மாட்டார். ஒரு முழம் இழுப்பார், இரண்டு கை விரலிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார், காதோரம் கொண்டுபோய் வெடுக்கென்று அறுப்பார். 'டப்' என்று சத்தம் வந்தால் சரி. சத்தமில்லாமல் இழுபட்டுப் பிய்ந்தால் கோனைப் பேசாமல் திருப்பித் தள்ளிவிடுவார். அப்புறம் அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்து, புரி பிரிந்து நிற்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் "எவ்வளவுண்ணே?"

அவருக்குப் புதுமண்டபத்தில் தையல் கடை. கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மெஷின், வெட்டுவதற்கு ஒரு பலகை, தலைக்கு மேலே திருமலை நாயக்கர் காலத்துக் கல். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே சிற்பங்களுக்கு இடையில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் அது. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு, கருப்பசாமி வேஷத்துக்கான உடுப்பு என்று ராத்திரி பகல் தெரியாமல் மெஷின் ஓடும். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவும் கடையை விட்டுவிட்டார். தகர நூல்பெட்டி மட்டும் வீட்டில் இருக்கிறது. அதில் பாதி தீர்ந்த கோன்கள், நூல் தீர்ந்தும் தூக்கிப் போட மனம் வராத மரக்கட்டைச் சுருள்கள், அம்மாவின் பூவேலைக்கு வாங்கிய ஆங்கர் கண்டுகள்.

சின்ன வயதில் அந்தப் பெட்டியைக் கிளறினால், "அதுல கை வைக்காத, ஹார்வி மில் நூலு" என்பார். லேபிளில் ஹார்வி என்ற எழுத்து எங்கும் இருக்காது. கோட்ஸ் என்றுதான் இருக்கும். பெரியப்பா மகன் அதே மில்லை மதுரா மில் என்பார். பஸ் கண்டக்டருக்கு மதுரா கோட்ஸ். ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள மேம்பாலத்துக்கும் அதே பெயர். இத்தனை பெயரும் ஒரே கம்பெனிக்கு என்று எனக்குப் புரியவே வருஷங்கள் ஆயின. ஒரு கம்பெனி நாலு தலைமுறையாக ஒரே ஊரில் இருந்தால் பெயர் மாறினாலும் ஜனங்கள் மாற்றிக்கொள்வதில்லை. தாத்தா சொன்னதையே பேரனும் சொல்வான்.

*

கதை மதுரையில் தொடங்கவில்லை, பாபநாசத்தில் தொடங்குகிறது.

ஆடி அமாவாசைக்குப் போயிருப்பவர்களுக்கு இடம் தெரியும். அம்பாசமுத்திரம் தாண்டினால் விக்கிரமசிங்கபுரம், ஊர்க்காரர்கள் வாயில் வி.கே.புரம். எதிரே பொதிகை மலை. தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடுகிற இடம். 1880களில் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் இங்கே மில் போட்டதற்கு அந்த இறக்கம்தான் காரணம். மின்சாரம் கிடையாது. நிலக்கரி என்றால் எங்கிருந்தோ வர வேண்டும். விழுகிற தண்ணீருக்கு விலையில்லை. அதை வைத்துச் சுழலியைச் சுற்றவிட்டு, அந்தச் சுழற்சியிலேயே மில்லில் நூலை முறுக்கிச் சுற்றுகிற கதிர்களை ஓட்டினார்கள். பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது 1944-இல். அதற்குச் சுமார் 60 வருஷம் முன்பே அந்தத் தண்ணீர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி பஞ்சு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று பரந்து கிடக்கிற கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி. இழை குட்டைதான். மெல்லிய நூலுக்கு ஆகாது, ஆனால் கெட்டியான முரட்டு நூலுக்கு நன்றாக வரும். வெள்ளைக்காரச் சந்தையில் 'டின்னவெல்லி', அதாவது திருநெல்வேலி, என்று சொன்னால் அது ஊர்ப் பெயராக இல்லாமல் பஞ்சின் பெயராக இருந்த காலம் அது. கரிசலில் வெடித்த பஞ்சு மாட்டுவண்டியில் தூத்துக்குடி போய், பேல் கட்டி, கப்பலேறி, அங்கே நூலும் துணியுமாகி மறுபடி இதே துறைமுகத்தில் வந்து இறங்கும். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயிலும் வந்துவிட்டது. கணக்குத் தெரிந்த எவனுக்கும் கேள்வி எழும். பஞ்சு இங்கே இருக்கிறது, கூலிக்கு ஆள் இங்கே இருக்கிறது, நூல் வாங்குகிற கைத்தறி நெசவாளர் இங்கேயே தெருத்தெருவாக இருக்கிறார். நடுவில் கப்பல் எதற்கு?

ஹார்விகள் அந்தக் கணக்கைப் போட்டவர்கள். ஊருக்கு நல்லது செய்ய வந்தார்கள் என்றும் எழுத வேண்டாம், கொள்ளையடிக்க மட்டுமே வந்தார்கள் என்றும் எழுத வேண்டாம். லாபம் தெரிந்தது, வந்தார்கள். பாபநாசத்துக்குப் பிறகு 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில், 1892-இல் மதுரையில் மதுரா மில். மதுரையில் விழுகிற தண்ணீர் இல்லை, வைகையை நம்பி மில் நடத்தினால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் விடுமுறைதான். அங்கே நீராவி. மூன்று மில்லும் பிற்பாடு மதுரா மில் என்ற ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன.

*

கோரல் மில்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கம்பெனியின் கதையைச் சொல்ல முடியாது.

1908 பிப்ரவரி. தூத்துக்குடியில் வ.உ.சி. ஏற்கெனவே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தி வெள்ளைக்காரக் கப்பல்காரர்களுக்குத் தலைவலியாக இருந்தார். சுப்பிரமணிய சிவாவும் ஊரில் இருந்தார். மாலை நேரங்களில் கடற்கரைக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் மில் ஆட்கள். விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு வருகிற வேலை, பிள்ளைகளும் சேர்ந்து போகிற வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. பிப்ரவரி 27-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மில்லுக்குள் போகாமல் வெளியே நின்றுவிட்டார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுமுறைகள் என்பவைதான் கேட்டது. சுதந்திரம் என்ற பெரிய சொல்லோடு சேர்த்துக் கேட்டாலும், கேட்டது ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு இதில் பிடித்த இடம் ஊர் நடந்துகொண்ட விதம். வேலைக்குப் போகாதவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வ.உ.சி. பணம் திரட்டினார், ஊரும் கொடுத்தது. வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கக் கடைக்காரர்கள் மறுத்தார்கள். வ.உ.சி.க்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனார் என்று ஒரு கதை தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். மீதிப் பாதிக்கு அந்த வக்கீல் எங்கே போனார் என்று கதை சொல்வதில்லை.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆயிற்று. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தன் 'வந்தே மாதரம்' பத்திரிகையில் இந்த வெற்றியைப் பாராட்டி எழுதினார். தொழிற்சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்வதற்குச் சட்டமே இந்த நாட்டில் 1926-இல்தான் வந்தது. அதற்கு 18 வருஷம் முன்பு, சங்கமும் இல்லாமல், சட்டமும் இல்லாமல் கிடைத்தது இது.

அந்த வெற்றிக்கு விலையும் இருந்தது. மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றியெரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தச் செக்குக்கும் ஒரு நூற்பாலையின் ஞாயிற்றுக்கிழமைக்கும் இருக்கிற தொடர்பைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கப்பலை மட்டும்தான் சொன்னார்கள்.

*

மதுரை மில் எனக்குச் சங்குச் சத்தமாகத்தான் முதலில் தெரியும். மில் சங்கு. ஷிப்டு மாறும்போது ஊதுவார்கள். எங்கள் தெருவில் கடிகாரம் இல்லாத வீட்டில்கூட அந்தச் சத்தத்துக்கு உலை வைத்தார்கள். சங்கு ஊதியும் பிள்ளை எழுந்திருக்காவிட்டால், "மில்லுக்காரன் வேலைக்கே போய்ட்டான், நீ இன்னும் எந்திரிக்கலயா" என்று ஏச்சு விழும்.

மில்லில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, எங்கள் சொந்தத்திலேயே இரண்டு கல்யாணம் அப்படி நடந்தது. மாசச் சம்பளம், பி.எஃப்., தீபாவளிக்கு போனஸ். நிரந்தரமாகாமல் பதிலியாக இருந்தால் பேச்சுவார்த்தை கொஞ்சம் இழுக்கும், "என்னைக்கு பர்மனென்ட் ஆவாரு?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். போனஸ் கிடைக்கிற வாரம் அப்பாவின் கடையில் துணி மலைபோல் குவியும். பூக்காரி, பலகாரக் கடைக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர் எல்லோரும் அந்தத் தேதியை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்புக்கு ஹார்விபட்டி என்றே பெயர். வெள்ளைக்காரன் பெயரோடு நம் ஊர் 'பட்டி' ஒட்டிக்கொண்ட இடம் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை, இருந்தால் சொல்லுங்கள்.

பெரியப்பா ஸ்பின்னிங்கில் இருந்தார். எந்த மில் என்பது இங்கே முக்கியமில்லை, வேலை எல்லா மில்லிலும் ஒன்றுதான். பேல் பேலாக வந்து இறங்கும் பஞ்சை உதறிச் சுத்தம் செய்வது புளோ ரூம். அப்புறம் கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ். ஒவ்வொரு இடத்திலும் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் ரிங் ஃபிரேமுக்கு வரும்போது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பஞ்சுத் திரியாக இருக்கும். அங்கே நீளமான மெஷினின் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். திரி இழுபட்டு, முறுக்கேறி, நூலாகிக் கதிரில் ஏறும். ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சைடர். அவர் வேலை நடப்பது. அறுந்த இழை கண்ணில் பட்டதும் போய் நிற்க வேண்டும், ஓடுகிற கதிரை நிறுத்தி முனையைத் தேடி எடுத்து, மேலே வருகிற பஞ்சோடு ஒரு நொடியில் ஒட்ட வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. ஒட்டிய இடம் தெரியவும் கூடாது. பெரியப்பா எங்களுக்கு வீட்டில் செய்து காட்டுவார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுகிற வேகத்தில் என்ன நடந்தது என்றே தெரியாது. வயதான பிறகும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு விரலும் தானாக உரசிக்கொண்டிருக்கும்.

*

இனி ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

உங்கள் வீட்டில் மாங்காய் பார்டர் போட்ட சேலை இருக்கும். அந்த மாங்காயை உலகமெல்லாம் பெய்ஸ்லி என்கிறார்கள். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் ஓர் ஊர். காஷ்மீர்ச் சால்வைகளைப் பார்த்து அதே மாதிரி விலை குறைவாக நெய்து விற்ற ஊர். காஷ்மீர் மாங்காய்க்கு இப்படி அந்த ஊர்ப் பெயர் வந்து சேர்ந்தது. அதே ஊரில், நெப்போலியன் யுத்தத்தில் பட்டு நூல் வரத்து நின்றுபோனபோது, கிளார்க் என்ற குடும்பம் பருத்தியிலேயே பட்டுப்போல வழவழப்பான கெட்டி நூல் செய்யப் பழகிக்கொண்டது. முதலில் தறிக்கு, பிறகு தையலுக்கு. கோட்ஸ் என்ற இன்னொரு குடும்பமும் அதே தொழிலில் இறங்கியது. தையல் மெஷின் வந்தது, நூலுக்கு உலகம் முழுக்கத் தேவை வந்தது. 1896-இல் இரண்டு குடும்பக் கம்பெனிகளும் சேர்ந்தன. கிளார்க்குகளின் நங்கூர முத்திரைதான் அம்மாவின் கண்டுகளில் இருக்கும் ஆங்கர்.

1974-இல் இந்த கோட்ஸும் நம் மதுரா மில்லும் இணைந்துதான் மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஹார்வி மில் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்த வருஷம்தான் காரணம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நூலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தமிழில் நமக்கு எல்லாம் நூல்தான். தறியில் போவதும் நூல், ஊசியில் போவதும் நூல், படிக்கிற புத்தகமும் நூல். வியாபாரத்தில் முதல் இரண்டும் வேறு வேறு ஜாதி. தறிக்குப் போகிற நூலை நம்பர் சொல்லி, எடை போட்டு விற்பார்கள். 840 கஜம் நீளமுள்ள சிட்டம் 40 சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 40-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. ஒரு மில்லின் 40-க்கும் இன்னொரு மில்லின் 40-க்கும் வித்தியாசம் இருந்தாலும், சந்தையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுப்பவனிடம் நெசவுக்காரர் போய்விடுவார். பஞ்சு விலை ஏறினால் மில் அடிபடும், நூல் விலை இறங்கினாலும் மில் அடிபடும்.

தையல் நூல் அப்படி இல்லை. ஒற்றை நூலை ஒரு பக்கமாக முறுக்கி, அப்படி இரண்டையோ மூன்றையோ சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். கயிறு திரிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: புரிக்கு ஒரு திருகல், கயிற்றுக்கு எதிர்த் திருகல், அப்போதுதான் கயிறு தானாகச் சுருண்டுகொள்ளாது. அதன் பிறகு நூலை நெருப்புச் சுவாலைக்கு நடுவே வேகமாக ஓடவிட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மட்டும் பொசுக்குவார்கள். நூல் எரியக் கூடாது, பிசிறு இருக்கக் கூடாது. பருத்தி என்றால் காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்து நனைத்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். சாயம், மெழுகுப் பூச்சு, கடைசியில் கோன். இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர். நடுவில் பாலியஸ்டர் இழை, சுற்றிப் பஞ்சுப் போர்வை என்று ஒரு ரகமும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கார்மென்ட் கம்பெனி மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் போடும். துணியில் ஒரு தையலாகப் போய் உட்காருவதற்கு முன் நூலின் ஒரே இடம் ஊசிக் காதுக்குள் மேலும் கீழுமாகப் பல பத்து முறை உரசிவிடும். ஊசி சூடேறும். அங்கே அறுந்தால் லைனே நிற்கும். ஒரு முழுக்கைச் சட்டைக்கு 100 மீட்டருக்கு மேல் நூல் போகிறது. அப்பாவின் கணக்கு, 5000 மீட்டர் கோனுக்கு 40 சட்டை. அவ்வளவு நூல் போனாலும் சட்டையின் விலையில் நூலுக்கான பங்கு மிகச் சொற்பம். துணி, பட்டன், கூலி எல்லாம் அதைவிடப் பெரிய செலவு. ஆனால் அந்தச் சொற்பம் கெட்டால் சட்டையே போச்சு.

இதை அப்பா காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். ஒரு வருஷம் ஜூன் மாசம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர். அவசரத்துக்கு வழக்கமான கடையில் நூல் இல்லை. வேறு ஒரு கடையில் அதே மாதிரி லேபிள் ஒட்டிய கோன்கள் விலை குறைவாகக் கிடைத்தன. அவசரத்தில் அவரும் காதோரம் வைத்து அறுத்துப் பார்க்கவில்லை. தைத்துக் கொடுத்து மூன்றாவது வாரம் ஒரு அம்மா பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார். டவுசர் பின்பக்கம் முழுக்கப் பிரிந்திருந்தது. "என்னண்ணே, பிள்ளைய வகுப்புல எல்லாரும் சிரிச்சிட்டாங்க." அப்பா ஒன்றும் பேசவில்லை. தையலை இழுத்துப் பார்த்தார், நூல் மாவுபோல் உதிர்ந்தது. லேபிள் போலி. அந்த வாரம் முழுக்க 40 செட் யூனிஃபார்மையும் வீடு வீடாகத் திரும்ப வாங்கி, பிரித்து, மறுபடி தைத்தார். கோனில் மிச்சம் பிடித்தது மொத்தமாக ஒரு டீச் செலவுகூட இருக்காது.

அதற்குப் பிறகுதான் காதோரம் வைத்து அறுக்கிற பழக்கம் ஒரு சடங்காகவே ஆயிற்று.

அப்பா ஒரு மண்டபத் தையல்காரர். அவருக்கே இப்படி என்றால் திருப்பூரில் லட்சக்கணக்கில் துணி ஏற்றுமதி செய்கிறவருக்கு எப்படி இருக்கும்? எடைக்கு விற்கிற நூலில் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற அதே ஆள், தையல் நூலில் பேரம் பேசத் தயங்குவார். மதுரையில் மகாலட்சுமி மில், மீனாட்சி மில் எல்லாம் ஒரு காலத்தில் ஹார்வி மில்லுக்குச் சமமாக ஓடியவை. இன்று பெரும்பாலும் பழைய ஆட்களின் பேச்சில்தான் வருகின்றன. எல்லா மில்லின் முடிவுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. என் கண்ணில் படுகிற வித்தியாசம், ஹார்வி மில் கிலோவில் விற்பதிலிருந்து மீட்டரில் விற்பதற்கு மாறியது.

பெய்ஸ்லியில் தையல் நூல் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியாக ஆங்கர் மில்லும் 1990களில் மூடியது. அந்தப் பெரிய கட்டடத்தில் இப்போது ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

*

சட்டைக் கதை மிச்சம் இருக்கிறது. இது கொஞ்சம் வேடிக்கையானது.

1980களின் கடைசியில் மதுரா கோட்ஸ் ஆயத்தச் சட்டைக்குள் இறங்கியது. அதுவரை நம் ஆட்களுக்குச் சட்டை என்றால் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதுதான். மதுரா கார்மென்ட்ஸ் என்ற பிரிவு லூயி பிலிப்பைக் கொண்டுவந்தது, அடுத்து வான் ஹியூசன், 1993-இல் ஆலன் சோலி, 1997-இல் பீட்டர் இங்கிலாந்து. வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கட்டம் போட்ட சட்டையில் போகலாம் என்பதெல்லாம் இந்தச் சட்டைகளோடு சேர்ந்து வந்த பழக்கம். அப்பாவைப் போன்றவர்களின் தொழிலுக்கு முதல் அடி எங்கிருந்து வந்தது என்றால், அவர் போற்றிய அதே ஹார்வி மில் வீட்டிலிருந்துதான். இதை அவரிடம் ஒரு தடவை சொன்னேன். "அது வேற ஆளுங்க" என்று முடித்துவிட்டார்.

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரியாகவும் போய்விட்டது. லண்டனில் இருந்த தாய்க் கம்பெனியான கோட்ஸ் நூலோடு நிற்பது என்று முடிவெடுத்தது. 1999-இல் சட்டைப் பிரிவை ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. இன்று இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை வியாபாரங்களில் அது ஒன்று. விற்ற நேரம் சரியா என்று வியாபாரம் தெரிந்தவர்கள் விவாதிக்கட்டும். எனக்கு அதில் ஒட்டிக்கொண்டே போன பெயர்தான் சுவாரஸ்யம். வாங்கியவர்கள் 'மதுரா' என்ற சொல்லை விடவில்லை, மதுரா ஃபேஷன் என்று வைத்துக்கொண்டார்கள். தலைமையிடம் பெங்களூர். வடக்கே போனால் அதைக் கிருஷ்ணன் பிறந்த மதுரா என்றுதான் நினைப்பார்கள். டெல்லியில் ஒரு நண்பரிடம், அது எங்கள் மதுரை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மில் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நூல் கம்பெனி நூலோடு நின்றது. கோட்ஸ் இன்று உலகத்திலேயே மிகப் பெரிய தையல் நூல் கம்பெனி. உடுப்புக்கு மட்டும் இல்லை, செருப்பு, கார் சீட்டு, காற்றுப்பை என்று தைக்கிற இடமெல்லாம் அதன் நூல் போகிறது. டீ பாக்கெட் பையில் தொங்குகிற அந்தச் சின்ன நூலைக்கூடச் செய்கிறார்கள். இந்தத் தொழிலில் முன்னைப்போல் ஆட்கள் தேவையில்லை.  நூலைக் கோனில் சுற்றுகிற மெஷினில், அறுந்த முனைகளைக் காற்றாலேயே பின்னி ஒட்டுகிற கருவி வந்துவிட்டது. பெரியப்பா அதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஒட்டிய இடம் தெரிகிறதா என்று முதலில் தேடியிருப்பார்.

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு பீட்டர் இங்கிலாந்து சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கவரைப் பிரித்தார். நெஞ்சுப் பக்கம் பார்க்கவே இல்லை, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அக்குள் தையலை விரலால் தடவினார். கட்டைவிரல் அகலத்துக்கு எத்தனை தையல் என்று உதடு அசைய எண்ணினார். காலர் முனை, கை மடிப்பு, காஜா என்று வரிசையாக வந்து, கீழ் மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கண்டுபிடித்தார். கத்தரிக்கோல் தேடவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

'டப்.'

"நூலு நம்ம மில்லுதான்" என்றார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.